ஜெர்மனியில் வாடகை வீட்டுக்குப் போர்ட்டபிள் ஏசி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜெர்மனிக்கு வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழர்கள், கோடை தொடங்கியதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. எந்த பிராண்டு நல்லது, எங்கே விலை குறைவு என்றுதான் பெரும்பாலோர் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் தரையில் நின்று, குழாய் வழியாகச் சூட்டை வெளியே தள்ளும் இந்தப் போர்ட்டபிள் ஏசியால் பணம் வீணாவதும், சில வீடுகளில் உயிருக்கே ஆபத்து வருவதும், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் எந்த வழியாக எந்தக் காற்று வருகிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே அதைப் பற்றிய விடைகள் மட்டும் சற்று நீளமாக இருக்கும்.

நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ஜெர்மனியில் ஏசி உண்மையிலேயே தேவையா?

வீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2019 ஜூலை 25 அன்று டூயிஸ்புர்க் நகரின் பேர்ல் பகுதியிலும், அருகிலுள்ள டோனிஸ்ஃபோர்ஸ்ட்டிலும் 41.2 டிகிரி பதிவானது. அத்தகைய நாட்கள் ஆண்டுக்குச் சிலவே. ஆனால் இங்குள்ள வீடுகள் குளிர்காலத்துக்காக, வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும் வகையில் கட்டப்பட்டவை. கூரையில் மின்விசிறி இருப்பதில்லை; ஜூன் இறுதியில் பெர்லினில் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது; மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக அதுவரையிலும் வெயில் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சென்னையில் 38 டிகிரியைத் தாங்கியவர் இங்கே 32 டிகிரியில் தூங்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

கூரைக்கு நேர் கீழே உள்ள, இங்கே டாக்கெஷோஸ் எனப்படும் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், கோடையில் ஊரிலிருந்து வயதான அப்பா அம்மாவை அழைத்து வைத்திருப்பவர்களுக்கும் ஓர் அறையையாவது குளிராக வைத்திருப்பது அவசியம் என்பதே என் கருத்து. தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள், காலையிலேயே ஜன்னலின் வெளிப்புறச் சுருள் கதவான ரோலாடெனை இறக்கிவிட்டு, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மற்றவர்களும் ஏசி வாங்கிய பிறகு இந்தப் பழக்கத்தை விடக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே தடுக்கப்பட்ட வெயிலைக் குளிர்விக்க மின்சாரம் தேவையில்லை.

ஊரில் இருப்பதுபோல ஸ்ப்ளிட் ஏசி மாட்டிக்கொள்ள முடியாதா?

சுவரைத் துளைப்பதற்கும் வெளிச்சுவரில் இயந்திரம் மாட்டுவதற்கும் வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் உரிமையாளர் மட்டும் சம்மதித்தால் போதாது, மற்ற உரிமையாளர்கள் சேர்ந்த சங்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளிர்விக்கும் வாயு ஓடும் குழாய்களை இணைக்கும் வேலையைச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர்தான் செய்யலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு மாறக்கூடிய ஒருவருக்கு இத்தனை அலைச்சல் கட்டுப்படியாகாது. தரையில் சக்கரத்தில் நிற்கும் போர்ட்டபிள் ஏசிக்கு, சுவரையும் ஜன்னல் சட்டத்தையும் சேதப்படுத்தாதவரை, பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இவை இரண்டுக்கும் இடையில், கம்ப்ரசர் பகுதியைப் பால்கனியிலோ ஜன்னலுக்கு வெளியிலோ வைத்து, மெல்லிய குழாய்களை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவரும் புது வகை ஒன்று கடைகளுக்கு வந்திருக்கிறது. ஆலையிலேயே வாயு நிரப்பி இணைத்து வருவதால் தொழில்நுட்பர் தேவையில்லை. விலை அதிகம் என்றாலும், பால்கனி உள்ளவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவதாக இருந்தால், கீழே நடப்பவர்களின் பாதுகாப்பை முன்னிட்டும் கட்டடத்தின் முகப்பை முன்னிட்டும் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐம்பது யூரோவுக்கு ஏர் கூலர் கிடைக்கிறதே, அது போதாதா?

போதாது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் கருவி அது. காற்று வறண்டும் ஜன்னல் திறந்தும் இருந்தால்தான் பயன் தரும். மூடிய படுக்கையறையில் அது ஈரத்தைக் கூட்டிப் புழுக்கத்தைத்தான் வளர்க்கும். வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லாத எந்தப் பெட்டியும் ஏசி ஆகாது என்று உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இணையத்தில் கண்ணைப் பறிக்கும் விளம்பரங்களோடு விற்கப்படும் கையடக்க ‘மினி ஏசி’ எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

எத்தனை டன் வாங்க வேண்டும்?

ஜெர்மனியில் டன் கணக்கு கிடையாது. குளிரூட்டும் திறன் பிடியூ (BTU) அல்லது கிலோவாட் என்ற அளவிலேயே அட்டையில் இருக்கும். நம் ஊர் 1 டன் என்பது 12,000 பிடியூ, அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். 9,000 பிடியூ என்பது 2.6 கிலோவாட், 7,000 பிடியூ என்பது 2 கிலோவாட். நிழலான 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு 7,000 போதும் என்று கடைக்காரர் சொல்வார். மேல் மாடியாகவோ மேற்குப் பார்த்த அறையாகவோ இருந்தால் 9,000க்குக் கீழே போக வேண்டாம். 20 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வரவேற்பறைக்கு 12,000 தேவைப்படும். வீடு முழுவதையும் ஒரே இயந்திரத்தால் குளிரவைக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள் நிச்சயம் ஏமாறுவார்கள். ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அதன் கதவைச் சாத்தி வையுங்கள்.

ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் என்கிறார்களே, என்ன வேறுபாடு?

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் குழாய் வகை. அவை அறைக்குள் இருக்கும் காற்றின் ஒரு பகுதியையே இழுத்து, அதில் வெப்பத்தை ஏற்றி, குழாய் வழியாக வெளியே தள்ளுகின்றன. அப்படி வெளியேறும் காற்று மணிக்கு 300 முதல் 400 கன மீட்டர் வரை இருக்கும். அறையிலிருந்து அவ்வளவு காற்று போனால், அதே அளவு காற்று வேறெங்கிருந்தாவது வந்தே தீரும்: கதவுக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில், குளியலறையின் காற்றுப்போக்கியில் என்று கிடைத்த இடுக்கிலெல்லாம் அது நுழையும். இயந்திரம் ஓடும்போது ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை அறைக்கதவின் அடி இடுக்கருகே பிடித்துப் பாருங்கள். அது அறைக்குள்ளாக வளைந்து படபடப்பதைக் கண்ணால் காணலாம்.

இதனால் வரும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 350 கன மீட்டர் காற்று வெளியேறுகிறது, வெளியே 34 டிகிரி, அறையில் 26 டிகிரி என்று கொண்டால், உள்ளே வரும் அந்த வெப்பக் காற்றைக் குளிர்விப்பதற்கே சுமார் 0.9 கிலோவாட் செலவாகிறது. 9,000 பிடியூ இயந்திரத்தின் 2.6 கிலோவாட்டில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போய்விடுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்ற வேலை இது. காற்றோடு வரும் ஈரத்தை வடிக்க ஆகும் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

இரட்டைக் குழாய் வகையில், வெப்பத்தை ஏற்றிக்கொள்ளும் காற்று ஒரு குழாய் வழியாக வெளியிலிருந்தே வந்து மற்றொரு குழாய் வழியாக வெளியிலேயே போய்விடுவதால், இந்த இழப்பு பெருமளவு குறைகிறது. கிடைப்பது அரிது, விலையும் கூடுதல், ஜன்னலில் இரண்டு குழாய்களுக்கு இடம் செய்ய வேண்டும்; இருந்தாலும் கூடுதல் பணம் அதற்குத் தகும். ஒற்றைக் குழாய்தான் கிடைத்தது என்றால், ஈடுசெய்யும் காற்று எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். வீட்டின் நிழல் பக்கத்து அறையில் ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தால், வெயில் காயும் பக்கத்துக் காற்றுக்குப் பதிலாக அந்தக் குளிர்ந்த பக்கத்துக் காற்று வரும்.

எங்கள் வீட்டில் காஸில் வெந்நீர் வருகிறது. அதற்கும் ஏசிக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜெர்மனியின் பழைய கட்டடங்கள் பலவற்றில், காஸ்தெர்மே எனப்படும் எரிவாயு வெந்நீர்க் கருவி குளியலறையிலோ சமையலறையிலோ மாட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஒரு வகை, எரிவதற்கு வேண்டிய காற்றை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டு, புகையைத் தானாக மேலெழும் இழுப்பைக் கொண்டு புகைபோக்கி வழியே அனுப்புகிறது. ஒற்றைக் குழாய் ஏசி வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தொடங்கியதும் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. ஜன்னல்களும் கதவுகளும் இறுக்கமாக மூடியிருந்தால், ஈடுசெய்யும் காற்று புகைபோக்கி வழியாகவே கீழிறங்கி, மேலே போக வேண்டிய புகையை வீட்டுக்குள் திருப்பிவிடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று அது காட்டும் அறிகுறிகளும் வெயிலின் அசதியைப் போலவே இருப்பதால், கோடையில் யாருக்கும் சந்தேகம் வராது. அசதி என்று நினைத்து ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய ஆபத்து.

குளியலறைக் கதவின் அடியில் காற்றுத் துளைகளோ கம்பிச் சட்டமோ இருந்தால், உங்கள் கருவி வீட்டுக் காற்றை எடுக்கும் வகையாக இருக்கக்கூடும். ஆனால் அடையாளத்தை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஷோர்ன்ஷ்டைன்ஃபேகர் எனப்படும் புகைபோக்கி ஆய்வாளர் இருக்கிறார். அவருடைய தொலைபேசி எண் உங்கள் வீட்டு உரிமையாளரிடமோ கட்டட நிர்வாகத்திடமோ கிடைக்கும். ‘இந்த வீட்டில் குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசி ஓட்டலாமா?’ என்று, வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள். அவர் சம்மதிக்கும்வரை அந்த வீட்டில் ஒற்றைக் குழாய் ஏசியை ஓட்டக் கூடாது. எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மூடிய அமைப்புள்ள புதிய கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. விறகடுப்பு உள்ள வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எப்படியிருந்தாலும் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டுங்கள். வாங்கும்போது அதில் இஎன் 50291 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒலித்தாலோ, வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றினாலோ, எல்லோரும் உடனே வெளியேறி, வெளியில் நின்று அவசர உதவி எண்ணான 112ஐ அழைக்க வேண்டும்.

சாய்த்துத் திறக்கும் ஜன்னலில் குழாயை எப்படி வைப்பது?

இங்குள்ள ஜன்னல்கள் மேல்பக்கம் உள்ளே சாயும், அல்லது கதவுபோல முழுதாகத் திறக்கும். சாய்ந்த நிலையில் மேலேயும் இரு பக்கங்களிலும் முக்கோண இடைவெளி விழும். குழாயை அதில் செருகிவிட்டு மற்ற இடத்தைத் திறந்தே விட்டால், வெளியே போன சூடு அதே இடைவெளி வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஒட்டும் பட்டையும் ஜிப்பும் உள்ள துணித்திரை 20 யூரோ அளவில் கிடைக்கிறது. ஜன்னல் சட்டத்திலும் கதவிலும் பட்டையை ஒட்டித் துணியைப் பொருத்தி, ஜிப்பைக் குழாய் அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் திறக்கும் பகுதியின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். சட்டத்தைத் துடைத்துக் காயவிடாமல் ஒட்டினால் இரண்டாம் நாளே பட்டை உரிந்து தொங்கும். வீடு காலி செய்யும்போது, முடி உலர்த்தியால் சூடுகாட்டி மெதுவாக உரித்தால் பசை அதிகம் தங்காது. கூரைச் சரிவில் உள்ள ஜன்னலுக்கு வேறு வடிவத் துணி உண்டு.

துணியைவிட நன்றாக வேலை செய்வது, ஜன்னலை முழுதாகத் திறந்து, அந்தச் சட்டத்தின் அளவுக்கு வெட்டிய பலகையில் குழாய்க்கு மட்டும் துளையிட்டு, ஆணி அடிக்காமல் இறுக்கி நிறுத்துவது. கட்டுமானப் பொருள் கடைகளில் பிளெக்சிகிளாஸ் தகட்டையோ கெட்டி நுரைப் பலகையையோ அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் திருட்டுப் பயம் கருதி இதைத் தவிர்க்க வேண்டும்.

குழாயை நீட்டிக்கவோ பல வளைவுகளாக வளைக்கவோ வேண்டாம். இயந்திரம் ஓடும்போது அதைத் தொட்டால் கை சுடும். அறைக்குள் கிடக்கும் அத்தனை நீளமும் ஒரு ஹீட்டர்தான். வெப்பம் கடத்தாத உறை ஒன்றைச் சுற்றிவிட்டால் வேறுபாடு அன்றைக்கே தெரியும்.

ஆற்றல் அட்டையில் ‘ஏ’ என்று இருந்தால் நல்ல இயந்திரம் என்று நம்பலாமா?

ஒரு போர்ட்டபிளை இன்னொரு போர்ட்டபிளோடு ஒப்பிடுவதற்கு மட்டும் நம்பலாம். ஒற்றைக் குழாய் வகைக்கு, 1 கிலோவாட் மின்சாரத்துக்குக் குறைந்தது 2.6 கிலோவாட் குளிர்ச்சி கிடைத்தால் ‘ஏ’ தரம், 3.1 கிடைத்தால் ‘ஏ+’. ஸ்ப்ளிட் ஏசிக்கான அளவுகோல் வேறு என்பதால் இரண்டின் எழுத்துகளையும் ஒப்பிடக் கூடாது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: ஐரோப்பிய விதிப்படி ஒற்றைக் குழாய் ஏசியைச் சோதிக்கும்போது அறையும் 35 டிகிரி, வெளியும் 35 டிகிரி. உள்ளும் புறமும் ஒரே வெப்பம் என்பதால், மேலே சொன்ன ‘வெளிக்காற்று உள்ளே நுழையும்’ இழப்பு அட்டையில் வெளிப்படுவதே இல்லை. அட்டையில் உள்ள எண் உங்கள் படுக்கையறையில் அப்படியே கிடைக்காது.

உள்ளே குளிர்விக்கும் வாயுவைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போர்ட்டபிள் ஏசிகளில், வெளியேறினால் பூமியை எவ்வளவு சூடாக்கும் என்பதைக் காட்டும் புவி வெப்பமாதல் குறியீடு 150க்குக் குறைவான வாயுவே இருக்க வேண்டும். அதனால் இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்290, அதாவது புரொப்பேன், இருக்கிறது. அது எரியக்கூடியது என்பதால், கையேட்டில் குறித்துள்ள குறைந்தபட்ச அறைப் பரப்பைக் கவனியுங்கள்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

9,000 பிடியூ இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் எடுக்கும். யூனிட்டுக்கு 35 முதல் 40 சென்ட் என்று வைத்தால், நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 30 நாளுக்கு 63 முதல் 72 யூரோ வரை ஆகும். ஜெர்மனியின் கோடையில் தொடர்ந்து 30 நாள் ஓட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. 20 டிகிரி வைக்காமல் 25 அல்லது 26ல் வைத்தால் வெளியே போய்த் திரும்பும்போது உடலுக்கும் நல்லது.

பழைய கட்டடத்தில் இயந்திரத்தின் பிளக்கை நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் மாட்டுங்கள். கேத்தலும் மைக்ரோவேவும் ஏற்கெனவே தொங்கும் நீட்டிப்புப் பலகையில் மாட்டினால் அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

சத்தம் தாங்குமா? அண்டை வீட்டார் புகார் செய்வார்களா?

கம்ப்ரசர் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஊர் ஸ்ப்ளிட்டைப் போல அமைதியாக இருக்காது. சட்டம் அனுமதிக்கும் உச்ச ஒலித்திறன் 65 டெசிபல். பெரும்பாலானவை அதை ஒட்டியே இருக்கின்றன. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்டி அறையைக் குளிரவைத்துவிட்டு, பிறகு மின்விசிறிக்கு மாறுவது பலருக்கும் ஒத்துவருகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு இறங்குவது குறையும்.

எப்போது, எங்கே வாங்குவது?

வெயில் அலை தொடங்கிய பிறகு கடைக்குப் போனால் சரக்கும் இருக்காது, இருப்பதன் விலையும் ஏறியிருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களிலோ, செப்டம்பர் இறுதியிலோ வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. ஆனால் 30 கிலோ எடையைத் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்பதை விற்பனையாளரின் நிபந்தனைகளில் முன்கூட்டியே பாருங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி என்றால், வாசல்வரை மட்டும் கொண்டுவருவார்களா, வீட்டுக்குள் கொண்டுவருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் பொருளுக்கு விற்றவரின் பொறுப்பு இரண்டு ஆண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பழையதை வாங்குவதாக இருந்தால், கால் மணி நேரம் ஓடவிட்டு, வரும் காற்று உண்மையிலேயே சில்லென்று இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். குழாயும் ஜன்னல் துணியும் சேர்த்துத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். புதியதோ பழையதோ, காரில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் கையேட்டில் சொல்லியுள்ள நேரம்வரை நிமிர்த்தி வைத்த பிறகே ஓட்ட வேண்டும்.

தண்ணீர் வடிகிறது, என்ன செய்வது?

பெரும்பாலானவை தாம் வடிக்கும் நீரைத் தாமே ஆவியாக்கிக் குழாய் வழியாக அனுப்பிவிடும். மிகவும் ஈரமான நாட்களில் உள்தொட்டி நிரம்பி, விளக்கு எரிந்து, இயந்திரம் நின்றுவிடும். அப்போது அடியில் உள்ள மூடியைத் திறந்து தட்டில் வடிக்க வேண்டும். தூசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அதில் தூசி அடைத்திருந்தால் காற்றோட்டம் குறைந்து குளிர்ச்சியும் குறைந்துவிடும்.

ஊர் திரும்பும்போது எடுத்துப் போகலாமா?

இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மின்சாரம் பொருந்தும். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். இருந்தும் நான் பரிந்துரைக்க மாட்டேன். புரொப்பேன் நிரப்பிய இயந்திரம் விமானச் சரக்கில் அபாயப் பொருள் பட்டியலில் வருகிறது. கப்பலில் அனுப்பும் செலவுக்கு ஊரில் நல்ல ஸ்ப்ளிட் ஏசிக்கு முன்பணமே கொடுத்துவிடலாம். அடுத்து குடிவரும் தமிழ் மாணவருக்கு ஜன்னல் பலகையோடு சேர்த்து விற்றுவிடுங்கள்.

பழுதாகிவிட்டால் எங்கே போடுவது?

தெருவோரத்திலோ வீட்டுக் குப்பைத் தொட்டியிலோ போடக் கூடாது. உள்ளே வாயு இருப்பதால் அதை நகராட்சியின் மறுசுழற்சி மையமான வெர்ட்ஷ்டோஃப்ஹோஃபில் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்திய மின்கருவியை அங்கே கட்டணமின்றி வாங்கிக்கொள்வார்கள். புதிது வாங்கும்போது பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடமை பெரிய மின்பொருள் கடைகளுக்கும் உண்டு. கொண்டுபோகும்போதும் நிமிர்த்தியே வையுங்கள், வாயுக் குழாயை வெட்டவோ திறக்கவோ வேண்டாம்.